உங்கள் கதையாட்டத்துக்கு இரண்டாம் பதிப்பு போடப் போகிறீர்களா?

சனிக்கிழமை சாயங்காலம் பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் வந்தால், ஒரு பழைய கடைவீட்டு மாடியில் ஆறேழு பேர் பகடை உருட்டிச் சத்தம் போடுவது கேட்கும். அது நாங்கள்தான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, ஒருவர் கதைசொல்லியாக இருந்து நடத்தும் ஆர்.பி.ஜி. என்ற கதையாட்டம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடித்தான் பழகினோம். அப்புறம், எத்தனை நாளைக்கு ஐரோப்பாக்காரன் கோட்டையிலேயே சுற்றுவது என்று தோன்றியது. கடாரத்தை, அதாவது பழைய கெடாவை, களமாக வைத்து நாங்களே விதி எழுதிக்கொண்டோம். முதல் பதிப்பு 96 பக்கப் போட்டோஸ்டாட். இரண்டாம் பதிப்பு 64 பக்கம்.

பக்கம் குறைந்திருப்பதைக் கவனித்தீர்களா? புதிய பதிப்பு என்றால் புதிதாகச் சேர்ப்பது என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். புது ஆயுதம், புது மந்திரம், புதுத் தீவு என்று மாதக்கணக்கில் எழுதினேன். அதில் முக்கால்வாசி இன்றும் ஒரு பிஸ்கட் டின்னில் தூங்குகிறது. மேசையில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டம் ஒன்று, புத்தகத்தில் இருக்கும் ஆட்டம் இன்னொன்று. முதலாவதைப் பிடித்துப் புத்தகத்தில் ஏற்றுவதுதான் பதிப்பு வேலை. இது எனக்கு உறைக்க ரொம்ப நாள் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. பென்சில் குறிப்புகளைத் தேடுங்கள்

உங்கள் ஆட்டக்காரர்களிடம் இருக்கும் பழைய பிரதிகளை எல்லாம் ஒரு வாரத்துக்குக் கடன் வாங்குங்கள். தே தாரிக் கறை, கிழிந்த அட்டை எல்லாம் பரவாயில்லை. பக்க ஓரங்களைப் பாருங்கள். எது அடிக்கப்பட்டிருக்கிறது, எது பென்சிலில் எழுதப்பட்டிருக்கிறது, எந்தப் பக்கம் மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறது?

எங்களிடம் ஆறு பிரதிகள் வந்தன. நான்கில் 23-ஆம் பக்கத்தில் ஒரே பத்தியின் மேல் கோடு. சுமை விதி. எடுத்துச் செல்லும் ஒவ்வொரு பொருளுக்கும் எடை பார்த்து, கூட்டி, உடல் வலிமையோடு ஒப்பிட வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். அதை எழுதும்போது எனக்கு அவ்வளவு பெருமை. ஒரு பிரதியில் மட்டும் கோட்டுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில், "மூட்டையில் 8 பொருள். போதும்" என்று இருந்தது. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அண்ணனின் கையெழுத்து. யோசித்துப் பார்த்தால், நானே மேசையில் கதைசொல்லியாக உட்காரும்போது அப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் பதிப்பில் ஒரு பக்கம் போய் ஒரு வரி வந்தது. அந்த வரி அவருடையது, புத்தகத்தில் நன்றியும் அவருக்கே.

தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு வீட்டில் எதிராளியின் காயை வெட்டினால்தான் உள்கட்டத்துக்குப் போகலாம்; அடுத்த வீட்டில் வெட்டாமலும் போகலாம். யாரும் கூட்டம் போட்டு மாற்றவில்லை, ஆடி ஆடி மாறியது.

ஆக, ஒரு நோட்டில் மூன்று பட்டியல் போடுங்கள். மேசையில் மாறிவிட்ட விதிகள். யாருமே பயன்படுத்தாத விதிகள். வாரா வாரம் சண்டை வரும் விதிகள். முதல் இரண்டும் சீக்கிரம் முடிந்துவிடும். மூன்றாவதில்தான் உங்கள் உழைப்பு போகும்.

2. எவ்வளவு மாற்றப் போகிறீர்கள்?

இதை முதலிலேயே முடிவு செய்து எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். எழுத்துப்பிழை திருத்திய மறு அச்சா, பழைய ஆட்டம் அப்படியே இருக்க ஓட்டை அடைத்த பதிப்பா, அஸ்திவாரத்திலிருந்து புதிதா?

பெரியவர்கள் பட்ட பாட்டைப் பாருங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் போட்டது. மூன்றாம் பதிப்பு 2000-இல் வந்தது. 2003-இல் 3.5 என்று ஒரு திருத்தம். மூன்றே வருடத்தில் திரும்பவும் புத்தகம் வாங்க வேண்டுமா என்று முணுமுணுப்பு. 2008-இல் நான்காம் பதிப்பு, அஸ்திவாரத்தையே மாற்றியது. என் கணக்கில் அது மோசமான ஆட்டமே இல்லை, சண்டைக் காட்சிகள் சதுரங்கம் மாதிரி சுத்தமாக இருக்கும். ஆனால் 3.5-ஐ விரும்பியவர்களுக்கு அது தங்கள் ஆட்டமாகத் தெரியவில்லை. 2009-இல் பைசோ என்ற நிறுவனம் 3.5-இன் விதிகளை மேம்படுத்தி பாத்ஃபைண்டர் என்று போட்டது. ஒரு பெரிய கூட்டம் அங்கே போய்விட்டது. விதிகளை மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று 2000-இல் கொடுத்த திறந்த உரிமம் அதற்கு இடம் கொடுத்தது.

புதுப் புத்தகம் வந்ததும் பழைய புத்தகம் யார் வீட்டு அலமாரியிலிருந்தும் மறைந்துவிடாது. எங்களைப் போன்ற ஆறு பேர் மேசைக்கும் இது பொருந்தும். முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது நடுவழி: ஓட்டை அடைத்த பதிப்பு.

3. பகடைக் கணக்கை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போக ஆசை வரும். போகாதீர்கள். எங்கள் முதல் பதிப்பின் பெரிய தவறு இங்கேதான் இருந்தது, அதை இரண்டு வருடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

எங்கள் ஆட்டத்துக்கு இரண்டு ஆறுமுகப் பகடை போதும். எந்த வீட்டிலும் கிடைக்கும், அதனால் எடுத்தோம். இரண்டையும் உருட்டிக் கூட்டி, 8 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. மொத்தம் 36 வகையாக விழலாம். அதில் 15 வகையில் 8 அல்லது அதற்கு மேல் வரும். ஏறக்குறைய 42 சதவீதம். சரி, நல்ல இடம்.

சிக்கல் கூடுதல் புள்ளிகளில். நல்ல வாள் +3, பயிற்சி +2, உயரமான இடம் +1 என்று நான் போட்டிருந்தேன். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? இருபதுமுகப் பகடை ஆட்டத்தில் பார்த்த பழக்கம். இருபதுமுகப் பகடையில் ஒவ்வொரு +1-க்கும் சரியாக 5 சதவீதம் கூடும், எங்கே சேர்த்தாலும் அதே 5. இரண்டு பகடையைக் கூட்டும்போது அப்படி இல்லை. நடுவில் மலை மாதிரி உயர்ந்து, ஓரத்தில் சரிந்துவிடும். இப்படிப் பாருங்கள்:

கூடுதல் இல்லாமல் – 36-இல் 15
+1 – 36-இல் 21
+2 – 36-இல் 26
+3 – 36-இல் 30
+6 – 36-இல் 36

கடைசி வரியைப் பாருங்கள். நல்ல வாள், பயிற்சி, ஒரு மேட்டு நிலம், அவ்வளவுதான். அந்த ஆள் இனித் தவறவே மாட்டான். முதல் +1 மட்டும் 42-ஐ 58 ஆக்குகிறது. கதை நடுவில் கடாரத்துக் கப்பல்துறையில் எல்லோரும் எதற்கு ஏணி மேல் ஏறி நின்றே சண்டை போட்டார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நான் அதை அவர்களுடைய ஸ்டைல் என்று நினைத்திருந்தேன்!

தீர்வு எளிமையானது. எத்தனை காரணம் இருந்தாலும் மொத்தக் கூடுதல் +3-ஐத் தாண்டாது. ஒரே வரி.

பெரிய ஆட்டத்திலும் இதே கதைதான், அளவுதான் வேறு. மூன்றாம் பதிப்பில் போர்வீரன் 20-ஆம் லெவலுக்கு வரும்போது லெவலால் மட்டும் தாக்குதலில் +20 கிடைக்கும். ஐந்தாம் பதிப்பில் அதே 20 லெவலுக்குள் பயிற்சிப் புள்ளி +2-இலிருந்து +6 வரைதான் ஏறும். இதனால் சின்னச் சின்ன எதிரிகள் கடைசி வரை கொஞ்சமாவது பயமுறுத்துவார்கள். அதே பதிப்பில் சாதகமான நிலையில் இருந்தால் இருபதுமுகப் பகடையை இரண்டாக உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். 11 தேவைப்படும் இடத்தில் 50 சதவீதம் 75 ஆகும். 20-தான் வேண்டும் என்றால் 5 சதவீதம், 9.75 ஆகும், அவ்வளவுதான். கூட்டல் கழித்தல் எதுவும் இல்லாமல், மேசையில் இன்னொரு பகடை விழும் சத்தத்திலேயே சாதகம் தெரிந்துவிடுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த விதி அது.

கணக்கு அதேதான், சொல்லும் விதம் மட்டும் தப்பு என்ற நிலையும் உண்டு. 1989-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இரண்டாம் பதிப்பில், அடிபடாமல் தப்பிக்க உதவும் கவச எண் குறையக் குறைய நல்லது. தாக்குபவருக்கு 'தாக்கோ' என்று ஓர் எண். தாக்கோ 15, எதிரியின் கவசம் 4 என்றால், 15-இலிருந்து 4-ஐக் கழித்து 11 உருட்ட வேண்டும். கவசம் கழித்தல் 2 ஆக இருந்தால்? கழித்தலைக் கழிக்க வேண்டும். 2000-இல் திசையைத் திருப்பினார்கள். உங்களுக்கு +5, எதிரியின் கவசம் 16; உருட்டிக் கூட்டி 16-ஐத் தொட வேண்டும். இப்போதும் தேவை அதே 11தான். ஆனால் கழித்தல் போய்க் கூட்டல் வந்துவிட்டது. உங்கள் ஆட்டத்தில் வாராவாரம் சண்டை வரும் விதி இருந்தால், கணக்கை மாற்றும் முன் திசையை மாற்றிப் பாருங்கள்.

4. வெட்டுங்கள்

இரண்டாம் பட்டியலை எடுங்கள். யாரும் பயன்படுத்தாத விதியை எடுத்துவிடுங்கள். "அழகாக இருக்கிறதே" என்று ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று. நான் அலை ஏற்ற இறக்க அட்டவணையை வைத்துக்கொண்டேன். இதுவரை யாரும் அதைத் திறக்கவில்லை.

5. தமிழில் விதி எழுதும்போது

இதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கதை எழுதும் தமிழ் வேறு, விதி எழுதும் தமிழ் வேறு. விதிக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும்.

எங்கள் மேசையில் அதிகம் ரத்தம் சிந்தியது 'முறை' என்ற சொல்லால். சண்டையில் எல்லோரும் ஆடி முடித்தால் ஒரு 'சுற்று', ஒருவர் ஆடுவது ஒரு 'முறை' என்று வைத்திருந்தேன். புத்தகத்தில் ஒரு வாக்கியம்: "மருத்துவர் ஒரு முறை மட்டும் காயத்தை ஆற்றலாம்." தன் முறையில் மட்டுமா, சண்டைக்கு ஒரே ஒரு தடவையா? எங்கள் கூட்டத்து ஆசிரியை அக்கா பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி பிடித்து வருகிறவர். அன்றைக்கு அரை மணி நேரம் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என்னை வகுப்பில் நிற்க வைத்த மாதிரி ஆக்கிவிட்டார்.

"தம்பி, இது என்ன முறை?"

"உங்க முறைதான் அக்கா."

"அதைத்தான் கேட்கிறேன், எந்த முறை?"

'வாய்ப்பு', 'தருணம்', 'வரிசை' எல்லாம் முயன்றோம். எதுவும் வாயில் ஒட்டவில்லை. மேசையில் எல்லோரும் "உன் டர்ன், உன் டர்ன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் புத்தகத்திலும் 'டர்ன்' என்றே போட்டோம். தனித்தமிழ் அன்பர்கள் மன்னிக்கவும். ஆளுக்கு உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஹிட் பாயிண்டுக்கு 'உயிர்ப்புள்ளி' வந்தது. அது முதல் நாளிலேயே வாயில் உட்கார்ந்துவிட்டது, இங்கிலீஷ் பெயர் மறந்தே போனது. எந்தச் சொல் தங்கும், எது தங்காது என்பதை மேசைதான் சொல்லும். அகராதியைப் பார்த்துவிட்டு, அப்புறம் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று 'மேல்', 'வரை'. "8-க்கு மேல் வந்தால் வெற்றி" என்று எழுதினால் 8 வந்தவர் வெற்றியா? பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். "10 அடி வரை" என்றால் பத்தாவது அடியும் சேர்த்தியா? எல்லா இடத்திலும் "8 அல்லது அதற்கு மேல்" என்று எழுதுங்கள். படிக்க நீளம்தான், நடுராத்திரிச் சண்டையை விட நல்லது.

அப்புறம், யார் யார் என்பது. "அவர் பகடை உருட்ட வேண்டும், அவர் விழுந்தால் அவருக்கு 2 உயிர்ப்புள்ளி குறையும்." விழுவது ஆட்டக்காரரா, பாத்திரமா? நாங்கள் இப்படிப் பிரித்தோம்: புத்தகத்தைப் படிப்பவர் 'நீங்கள்', பாத்திரம் எப்போதும் 'உங்கள் ஆள்'. "நீங்கள் உருட்டுகிறீர்கள், உங்கள் ஆள் விழுகிறார்." ஆணா பெண்ணா என்ற சிக்கலும் இதில் தீர்ந்துவிடுகிறது. பேய்க்கு 'அது'. பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண்பேய் மட்டும் 'அவள்', அதை மாற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை.

6. களமும் பேய்களும்

உங்கள் ஆட்டம் எங்கே நடக்கிறதோ, அந்த மண் விதியிலும் தெரிய வேண்டும். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி வைத்தால், பிள்ளைகள் கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள். முதல் பதிப்பில் நான் செய்தது அதுதான்: கோட்டைக்குக் 'கடாரம்' என்று பெயர், உள்ளே எல்லாம் இரும்புக் கவசம் போட்ட குதிரை வீரர்கள். இந்த வெயிலில்!

இரண்டாம் பதிப்புக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக இரண்டு காடியில் கெடாவுக்குப் போனோம். குனோங் ஜெராய் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு, மெர்போக் அருங்காட்சியகம், அங்கே இருக்கும் பழைய கோயில் அஸ்திவாரங்கள். சுங்கை பத்து பக்கம் இரும்பு உருக்கிய இடத்தின் எச்சங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ராஜேந்திர சோழனின் படை 1025-இல் கடாரத்துக்கு வந்தது நமக்குப் பள்ளியில் சொல்லித் தந்தது. அந்த ஊர் ஏன் படையெடுக்கும் அளவுக்கு முக்கியம் என்பது அங்கே நின்றால் புரிகிறது. கடல், ஆறு, இரும்பு, வணிகம். திரும்பி வந்து ஆயுத அட்டவணையைக் கிழித்துவிட்டு உலை விதி ஒன்று எழுதினோம்: எந்த ஆயுதத்தையும் கடையில் வாங்க முடியாது. இரும்பு, கரி, கொல்லர் மூன்றையும் நீங்கள் சேர்த்தால்தான் வாள். ஒரு விதியிலிருந்து மூன்று வாரத்துக்குக் கதை கிடைத்தது.

பேய்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. பொந்தியானாக், குட்டிப் பேய் தோயோல், ரப்பர்க் காட்டில் பாட்டி பார்த்தது எல்லாம் வரட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: கும்பிடுகிற சாமிக்கு உயிர்ப்புள்ளி போடாதீர்கள். 1980-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் துணைப்புத்தகம் ஒன்றில் இந்திரன், அக்னி எல்லோருக்கும் உயிர்ப்புள்ளி, கவச எண் போட்டு அட்டவணையே கொடுத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது வேடிக்கை. நம் ஊரில் ரயில் தண்டவாள ஓரத்தில் முனீஸ்வரருக்குச் சுருட்டு வைத்துவிட்டு வரும் அங்கிள் உங்கள் மேசையில் உட்கார்ந்திருப்பார். சாமியிடம் வரம் கேட்கலாம், கோபத்தை வாங்கிக்கொள்ளலாம். வெட்டிச் சாய்க்க மட்டும் முடியாது என்று வைத்துவிடுங்கள்.

7. பழைய ஆட்களை என்ன செய்வது

ஃபேக்டரி அண்ணனின் ஆள் ஒரு கப்பலோட்டி. ஆறு வருடமாக ஒரே பாத்திரம். அந்த ஆளுக்குப் 'புயல் அறிதல்' என்று ஒரு திறமை. மொத்த ஆட்டத்திலும் அந்த ஒருவருக்குத்தான் அது இருந்தது. நான் திறமைப் பட்டியலை 31-இலிருந்து 12 ஆகக் குறைத்தபோது அது போய்விட்டது. வரைவை நீட்டினேன். அவர் ஒரு தடவை புரட்டினார், திரும்பப் புரட்டினார்.

"அப்போ என் ஆளு செத்துட்டானா?"

"இல்லண்ணே, 'கடலறிவு'ல எல்லாம் வருது."

"ம்."

அன்றைக்கு மாமாக் கடைக்குச் சாப்பிட வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. விதியாகப் பார்த்தால் என் முடிவு சரி, இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் மாற்றுப் பக்கம் எழுதாமல் வரைவை நீட்டியது தப்பு.

மாற்றுப் பக்கம் என்பது இது: பழைய புத்தகத்தில் இருந்த ஒவ்வொன்றும் புதியதில் என்ன ஆகிறது என்று ஒரே தாளில். பழைய திறமை இடது பக்கம், புதியது வலது பக்கம். எங்கும் பொருந்தாதவற்றுக்கு 'பழைய வித்தை' என்று ஒரு கட்டம். ஒவ்வொரு பழைய ஆளும் ஒன்றை அப்படியே கொண்டுவரலாம். கப்பலோட்டி புயலோடு திரும்பி வந்தார். இந்தத் தாளை விதிகளுக்கு முன்னால் எழுதுங்கள். எழுதும்போதே எங்கே அதிகம் வெட்டிவிட்டீர்கள் என்று தெரிந்துவிடும்.

8. வெள்ளோட்டம்

தேரைக் கட்டி முடித்ததும் சாமியை ஏற்றாமல் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார்களே, அதேதான். மூன்று கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீங்களே தனியாக. ஒரே சண்டையை இருபது தடவை ஆடுங்கள், இரண்டு பக்கமும் நீங்களே உருட்டி. சலிப்பாக இருக்கும். ஆனால் ஒரு வீரனும் இரண்டு பேயும் மோதினால் சராசரியாக எத்தனை சுற்று போகிறது என்று கையில் ஓர் எண் கிடைக்கும். எங்களுக்கு ஏழு சுற்று வந்தது; நான்கு போதும் என்று உயிர்ப்புள்ளியைக் குறைத்தோம்.

அப்புறம் உங்கள் சொந்த மேசை. இது சுகமாகப் போகும், அதனால் அதிகம் நம்பாதீர்கள். உங்களைத் தெரிந்தவர்கள் உங்கள் மனதில் இருப்பதையும் சேர்த்துப் படிப்பார்கள்.

மூன்றாவதுதான் உண்மையான சோதனை: உங்களைத் தெரியாத, பழைய பதிப்பைப் பார்க்காத கூட்டத்திடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருவது. ஆசிரியை அக்காவின் பழைய மாணவர்கள் ஐந்து பேர் பட்டர்வொர்த்தில் ஒரு வீட்டில் ஆடினார்கள். நான் மூலையில் ஒரு நாற்காலியில், கையில் நோட்டோடு. பத்தாவது நிமிடத்தில் ஒருவன் சுவர் ஏற வேண்டும் என்றான். விதி 41-ஆம் பக்கத்தில் இருந்தது. அவர்கள் 12-இல் தேடினார்கள், 30-இல் தேடினார்கள், பின்னட்டையில் கூடத் தேடினார்கள். ஏழு நிமிடம். எனக்கு நாக்கு நுனியில் "நாப்பத்தொண்ணு, நாப்பத்தொண்ணு" என்று துடித்தது. சொல்லவில்லை. நோட்டில் மட்டும் எழுதினேன்: ஏறுதல், 12-இல் தேடினார்கள். புத்தகம் அச்சாகும்போது அந்த விதி 12-ஆம் பக்கத்துக்குப் போய்விட்டது. மக்கள் எங்கே தேடுகிறார்களோ, அங்கே வையுங்கள்.

ஆடி முடித்ததும் "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். "ஓகேதான் அண்ணே, நல்லாதான் இருக்கு" என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நான் கேட்பது இரண்டே கேள்வி. எந்த இடத்தில் போனைக் கையில் எடுத்தீர்கள்? நேற்று நடந்ததை அம்மாவிடம் சொல்வதானால் என்ன சொல்வீர்கள்? முதல் கேள்விக்கு வரும் பதில் எதை வெட்ட வேண்டும் என்று காட்டும். இரண்டாவதற்கு எல்லோரும் ஒரே சம்பவத்தைச் சொன்னால், அந்தச் சம்பவத்தை உண்டாக்கிய விதியில் கை வைக்காதீர்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போடும் பெரிய நிறுவனமும் இதைத்தான் செய்தது. நான்காம் பதிப்பில் சூடு பட்டபின், 2012-இல் ஐந்தாம் பதிப்பின் வரைவுகளைப் பொதுமக்களுக்கே ஆடக் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். புத்தகம் 2014-இல்தான் வந்தது.

வெள்ளோட்டம் முடியும் முன் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். 60 பிரதி, அதில் காய அட்டவணையின் இரண்டு வரிசை இடம் மாறியிருந்தது; விரல் கீறலுக்குச் சாவு, யானை மிதித்தால் ஒரு புள்ளி. தப்பு என்னுடையதுதான், அச்சடித்தவர் கொடுத்ததை அப்படியே அடித்தார். ஸ்டிக்கர் வெட்டி ஒட்டவே ஒரு வாரம் ஆனது.

9. யாருடைய விதி?

பிற ஆட்டத்திலிருந்து விதி எடுத்துத்தான் எல்லோரும் தொடங்குகிறோம். மலேசியக் காப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 1987-இன்படி எண்ணம், வழிமுறை, கணிதக் கருத்து ஆகியவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. பகடை உருட்டி எண்ணைத் தாண்டினால் வெற்றி என்பது யாருக்கும் சொந்தமல்ல. ஆனால் அதை அவர்கள் எழுதிய வாக்கியம், படம், உருவாக்கிய பாத்திரங்கள் அவர்களுடையவை. மொழிபெயர்ப்பதற்கும் அனுமதி வேண்டும். தமிழில் எழுதிவிட்டால் நம்முடையது என்று நினைக்க வேண்டாம்.

நல்ல செய்தி ஒன்று. 2023 ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நிறுவனத்தார் பழைய திறந்த உரிமத்தை மாற்றப் போகிறார்கள் என்று தெரிந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அந்த மாதக் கடைசியிலேயே ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை, 5.1 என்ற ஆவணத்தை, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். பெயர் குறிப்பிட்டு நன்றி சொன்னால் அதில் உள்ளதை எடுக்கலாம், தமிழாக்கலாம், விற்கவும் செய்யலாம். அட்டையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று போட்டு உங்கள் புத்தகத்தை விற்க மட்டும் முடியாது, அது வணிகச்சின்னம்.

படம் வரைந்து தந்த தம்பிக்கும், பென்சிலில் விதி எழுதிய அண்ணனுக்கும் என்ன பங்கு என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதே.

10. அச்சு

நடுவில் ஸ்டேப்ளர் அடிக்கும் புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை 4-இன் மடங்காக இருக்க வேண்டும். எங்கள் 64 அப்படி வந்ததுதான். 66 பக்கம் எழுதியிருந்தேன், இரண்டைச் சுருக்கினேன்.

இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்தால் பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடும், 'பேய்' என்ற சொல்லே பேயடித்த மாதிரி நிற்கும். அட்டவணைத் தலைப்புகள் தமிழில் நீளும். கட்டத்தை முதலிலேயே அகலமாகப் போடுங்கள். ஐ.எஸ்.பி.என். வேண்டுமானால் மலேசியத் தேசிய நூலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பாத்திரத் தாளைத் தனி ஏ4-ஆக அடித்துப் புத்தகத்துக்குள் செருகுங்கள். புத்தகத்தோடு சேர்த்துக் கட்டினால் யாராவது கிழிப்பார்கள்.

தாள் வழுவழுப்பாக வேண்டாம், அதில் பென்சில் ஏறாது. பக்கத்தின் வெளி ஓரத்தில் 3 சென்டிமீட்டர் வெற்றிடம் விடுங்கள். இடம் வீணாகிறதே என்று அச்சகத்தில் கேட்பார்கள். எங்கள் புதிய பதிப்பு வந்த முதல் சனிக்கிழமை, ஒன்பது மணி ஆவதற்குள் ஆசிரியை அக்கா 17-ஆம் பக்க ஓரத்தில் நாலு வரி எழுதிவிட்டார்.